விடியற்கால வெந்நீர்

நுவரெலியாவிற்போல் கண்டியிலே அறையைச் சூடேற்ற வேண்டுவதில்லை. மார்கழி விடியலிற் குளிக்க வெந்நீர் இருந்தாற் போதும். எம் பாட்டியாரின் செப்புக் கொப்பரை விறகை மட்டுமே கேட்டது. இன்றோ சுவரிற் பொருத்திய தொடுபலகையில் நேரத்தைக் குறித்துவிட்டால், மின்சார நீர்ச்சூடாக்கி தானே இயங்குகின்றது. வசதிதான்! 30 லீற்றர் நீரை 20 பாகை செல்சியசிலிருந்து 50 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 1 அலகு மின்சாரம் செல்லும். 2,000 வாற்றுச் சூடாக்கிக்கு அஃது அரைமணி வேலை. ஐந்து மணிக்கு ஏற்றி ஐந்தரைக்கு அணைக்கப் பணித்துவிடின், இரவெல்லாம் விரயமில்லை.

நிற்க. வாங்குமுன் பலகையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 3,000 வாற்றுச் சூடாக்கி 230 வோல்ற்றில் 13 அம்பியர் இழுக்கும். 10 அம்பியர் என்று பொறித்த பலகையில் அதனை நேரே இணைத்தலாகாது. உள்ளே தொடுகைகள் கருகும், தீயும் மூளலாம். பளுத் தாங்கும் வேறோர் ஆளியை அப்பலகை இயக்கட்டும். சூடாக்கிக்குத் தனிக் கம்பியும் வேண்டும். இவ்வேலையைத் தேர்ந்த மின்வினைஞரிடமே விடுங்கள்.