கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சோதனை



சென்ற வாரம் எர்ணாவூரில் அஸர் தொழுகை முடித்து வெளியே வந்தபோது, எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரியிலேயே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய மகன், வரும் ஜூலையில் பெற்றோரையும் மனைவி மக்களையும் கென்யாவின் மசாய் மாராவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறார். நான் இருமுறை குடும்பத்தோடு முதுமலை சென்று வந்தவன் என்பதால் அவர் என்னிடம் கேட்டார்: "பாய், அஞ்சு நாள் காட்டுக்குள்ள வண்டியில சுத்தப் போறோம். எந்தெந்த நேரம் போனா எல்லா மிருகத்தையும் பாத்துடலாம்? ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்களேன்."

பட்டியல் எழுத அமர்ந்தேன். 'எல்லா மிருகத்தையும்' என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. அந்தச் சொல்லோடு நானும் ஒருமுறை காட்டுக்குள் போயிருக்கிறேன். ஆகவே அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே வைக்கிறேன்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுவோம். விலங்குகளைப் பார்ப்பதற்காகப் பணம் செலவழித்துப் பயணம் போவது மார்க்கம் விரும்பாத கேளிக்கை என்று நம்மில் சிலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. பூமியில் பயணம் செய்து, படைப்பை அல்லாஹ் எவ்வாறு தொடங்கினான் என்று பாருங்கள் எனக் குர்ஆன் நம்மைப் பணிக்கிறது (29:20). ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது என்று கவனிக்க வேண்டாமா என்று கேட்கிறது (88:17). பூமியில் ஊர்ந்து திரியும் உயிர்களும் சிறகால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அறிவிக்கிறது (6:38). பார்க்கச் சொன்னவன் அவனே. எப்படிப் பார்க்கிறோம் என்பதே நம் பொறுப்பு.

'சஃபாரி' என்னும் சொல் சுவாஹிலி மொழியிலிருந்து உலகெங்கும் பரவியது. சுவாஹிலிக்கு அது அரபியிலிருந்து வந்தது. நாம் நாள்தோறும் வழங்கும் 'ஸஃபர்' என்னும் சொல்லே அதன் வேர். காட்டுக்குள் வண்டியில் சுற்றுவதற்கு 'கேம் டிரைவ்' என்று இன்னொரு பெயரும் உண்டு. அதிலுள்ள 'கேம்' விளையாட்டைக் குறிப்பதன்று. வேட்டைக்குரிய விலங்கைக் குறிப்பது. துப்பாக்கியோடு போன காலத்தின் பெயர், கேமராவோடு போகும் காலத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, ஒரே பயணத்துக்கு இரண்டு பெயர்கள். ஒன்று ஸஃபர், மற்றொன்று வேட்டை. நாம் எந்தப் பெயரில் போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

வேட்டையைப் பற்றி ஓர் இறைவசனம் என் மனத்தில் நெடுநாளாக நிற்கிறது. நம்பிக்கை கொண்டோரின் கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் அவர்களைச் சோதிப்பான், மறைவில் தன்னை அஞ்சுவோர் யார் என்பது வெளிப்படுவதற்காக என்பது அதன் கருத்து (5:94). இஹ்ராமில் இருப்போருக்கு வேட்டை விலக்கப்பட்டதை ஒட்டிய வசனம் அது. அதைச் சுற்றுலாப் பயணிக்குரிய சட்டமாக நான் நீட்டவில்லை. ஆயினும் அதில் நமக்கொரு படிப்பினை இருக்கிறது. விலங்கு கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும்போதுதான் மனிதனின் தக்வா அளக்கப்படுகிறது.

அந்தச் சோதனையில் நான் தோற்றிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் முதுமலைக்குப் போனோம். வனத்துறை வேனில் மாலைச் சவாரி. புள்ளிமான்களையும் மயில்களையும் கண்டோம், புலி வரவில்லை. "இவ்வளவு தூரம் வந்தும் இவ்வளவுதானா?" என்று நான் முணுமுணுத்ததைக் கேட்ட ஒருவர், இரவு ஜீப்பில் கூட்டிப்போவதாகச் சொன்னார். அது விதிக்குப் புறம்பானது என்று தெரிந்தே இஷாவுக்குப் பின் குடும்பத்தோடு ஏறினேன். ஒரு வளைவில், கன்றோடு நின்ற காட்டுமாட்டின் கண்ணுக்கு நேராக ஓட்டுநர் விளக்கைப் பாய்ச்சினார். தாய் திகைத்து நிற்க, கன்று மிரண்டு ஓடிப் பள்ளத்தில் இடறி விழுந்து எழுந்தது. நான் கைபேசியை உயர்த்திக்கொண்டிருந்தேன். என் இளைய மகள் சட்டையைப் பிடித்திழுத்து, "அத்தா, அது பயப்படுது, போயிடலாம்" என்றாள். மறுநாள் உறங்கிப்போய்ப் பதறி எழுந்து, காலைச் சவாரியை எட்டிப் பிடித்தோம். ஃபஜ்ரைப் பிடிக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் பயணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததையும், இதன் குஞ்சுகளைக் கொண்டு இதைத் துயரத்துக்குள்ளாக்கியவர் யார் என வினவி அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்ததையும் அபூதாவூதில் படித்திருக்கிறோம். மத்ரஸாவில் நான் கேட்ட அந்த ஹதீஸை, ஜீப்பில் எனக்கு நினைவூட்டியவள் என் மகள்.

ஆப்பிரிக்காவிலும் நிலைமை வேறன்று. மசாய் மாராவின் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சுற்றுலா வாகனங்கள் மிகுந்த பகுதியில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகளே வளர்ந்து ஆளானதாகக் கணக்கிட்டது. வாகனங்கள் குறைந்த பகுதியில் அது 2.3. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு. சூழ்ந்து நிற்கும் வண்டிகளால் அதன் வேட்டை கெடக்கூடும்; பிடித்த இரையையும் விட்டு விலக நேரும். ஈட்டி எறிந்தவர் எவருமில்லை. எல்லோரும் பார்க்கத்தான் போனார்கள். ஆனாலும் குட்டிகள் பிழைக்கவில்லை.

இனிப் பெரியவர் கேட்ட பட்டியலுக்கு வருகிறேன்.

காலம்: செரெங்கெட்டியிலிருந்து மாராவுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்டபீஸ்ட் மான்கள் இடம்பெயர்ந்து வருவது ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை. கூட்டமும் கட்டணமும் உச்சத்தில் இருப்பதும் அப்போதே. 2024 ஜூலை முதல், வெளிநாட்டு வயதுவந்தோருக்கு மாராவின் நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். நம் பிள்ளைகளுக்கு விடுமுறையான ஏப்ரலும் மே மாதமும் அங்கே நீண்ட மழைக்காலம். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி முதலியவை ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவை. பெருங்கூட்டம் ஆற்றைக் கடக்கும் காட்சியைத்தான் பார்த்தாக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையெனில், ஜூன் மாதம் பாதிக் கட்டணத்தில் போதுமானது. மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை ஸதகாவுக்கு ஒதுக்கலாம்.

ஆவணங்கள்: கென்யாவுக்கு முன்கூட்டியே இணையவழிப் பயண அனுமதி பெற வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்கள் முன்பே போட்டுச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிடில் திரும்பி வரும்போது தனிமைப்படுத்தப்பட நேரும். கிண்டி கிங் நிலையத்தில் அதைப் போடுகிறார்கள்.

நேரம்: மாரா நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஆறரைக்கு உதித்து, மாலை ஆறரையை ஒட்டி மறைகிறது. சிங்கம் முதலிய கொன்றுண்ணிகள் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும்; நண்பகலில் அவை நிழலில் படுத்துவிடும். ஆகவே நாளுக்கு இரண்டு சவாரிகள் போதும். அல்லாஹ் படைத்த இந்த ஒழுங்கு தொழுகையின் ஒழுங்கோடு இயல்பாகப் பொருந்துகிறது. ஃபஜ்ரைத் தங்குமிடத்தில் ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டு வண்டி ஏறுங்கள். பத்து, பதினொரு மணிக்குத் திரும்பி, உண்டு, இளைப்பாறி, லுஹர் தொழுங்கள். மாலைச் சவாரி முடித்து மஃரிபுக்குத் தங்குமிடம் வந்துவிடலாம்.

இடையில் நிற்பது அஸர் மட்டுமே. காட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. 'போகிற வழியில் எங்காவது தொழுதுகொள்ளலாம்' என்ற நம்மூர் எண்ணம் அங்கே செல்லாது. ஷாஃபிஈ மத்ஹபினர் பயணிக்குரிய சலுகைப்படி லுஹரையும் அஸரையும் சுருக்கி, சேர்த்துத் தொழுதுவிட்டுப் புறப்படலாம். ஹனஃபி மத்ஹபினர் சேர்த்துத் தொழுவதில்லை என்பதால், தங்கள் ஆலிமிடம் முன்பே கேட்டு, வண்டி புறப்படும் நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். நாள் முழுவதும் காட்டுக்குள்ளேயே சுற்றும் திட்டத்தை நான் பரிந்துரைக்கவில்லை. 'இவ்வளவு கட்டணம் கட்டினோமே' என்ற கணக்குதான் அதற்குத் தூண்டுகோல். முதலில் களைப்பது பிள்ளைகள்; முதலில் கைவிடப்படுவது தொழுகை.

ஓட்டுநர்: இதை எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். வண்டி விலங்கை நெருக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பின்னால் அமர்ந்திருக்கும் நாம்தான். அருகில் போனால் அன்பளிப்பு கூடும் என்று அவர் எண்ணுகிறார். எனவே முதல் நாளே அவரிடம் சலாமோ வணக்கமோ சொல்லி, இப்படிக் கூறிவிடுங்கள்: "உங்களுக்கு நாங்கள் தரவேண்டியதைத் தந்துவிடுவோம். சிங்கத்தைக் கண்டாலும் காணாவிட்டாலும் அது குறையாது. பாதையைவிட்டு இறங்க வேண்டாம். குட்டிகளோடு இருக்கும் விலங்கை நெருங்க வேண்டாம். ஏற்கெனவே வண்டிகள் சூழ்ந்திருந்தால் நமக்கு வேண்டாம், கடந்து போகலாம்." பிழைப்புக்காக விதி மீறும் நெருக்கடியிலிருந்து ஒரு மனிதரை விடுவிப்பதும் நன்மையே.

தலைவர்: மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். குடும்பத்தில் அந்தப் பொறுப்பை ஏற்பவர், 'திரும்பலாம்' என்று சொன்னால் பேச்சின்றித் திரும்ப வேண்டும். மற்றொன்றும் சொல்வேன். பிள்ளைகளில் ஒருவரை, விலங்கின் சார்பில் பேசும் உரிமையுடையவராக நியமியுங்கள். என் மகளுக்கு அன்று அந்த உரிமையை நான் தந்திருக்க வேண்டும்.

கென்யா செல்ல இயலாதோரே நம்மில் பெரும்பாலோர். முதுமலைக்கும் இவை யாவும் பொருந்தும். தெப்பக்காட்டிலிருந்து புறப்படும் வனத்துறைச் சவாரியை மட்டுமே நாடுங்கள். காட்டுத்தீ அபாயமுள்ள கோடையில் அது நிறுத்தப்படுவதுண்டு, விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். நீலகிரிக்கு வாகனத்தில் செல்ல இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்களுக்கு அங்கே தடை உண்டு. 2021 ஜனவரியில் மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானையின் மீது எரியும் பொருளை வீசியதில் அது தீக்காயத்தோடு அலைந்து உயிரிழந்தது. காட்டின் வழியில் அனுமதியின்றிக் கட்டிய அறைகளுக்கு நாம் தரும் வாடகை, அந்த நெருப்புக்கு விறகாகிவிடக் கூடாது.

அதற்கும் வசதியில்லாதோர் வருந்த வேண்டாம். எண்ணூர்க் கழிமுகத்தில் கூழைக்கடாக்கள் மீன் தேடி இறங்குகின்றன. குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகள் வருகின்றன. ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் லுஹருக்கு வீடு திரும்பலாம். ஆசைப்பட்டுப் படகேற வேண்டாம். 2011 டிசம்பரில் அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததை மறக்கலாகாது. கரையில் நின்று, குரலைத் தாழ்த்தி, தொலைநோக்கி ஒன்றை மாற்றி மாற்றிப் பார்ப்பதே போதும். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் எங்கள் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கியபோது, வாளியால் அள்ளியவர்களை எங்கள் பிள்ளைகள் கண்டனர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது, சிறகு கறுத்த கூழைக்கடாக்களையும் கண்டனர். விலங்கின் வீட்டுக்குள் மனிதன் எப்படி நுழைகிறான் என்பதை அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வேறு விதமாகவும் நுழைய முடியும் என்பதைத்தான் காட்டியாக வேண்டும்.

பெரியவரிடம் பட்டியலைக் கொடுத்தேன். விலங்குகளின் பெயருக்கு எதிரே குறியிட நான் கட்டங்கள் போடவில்லை. நாளுக்கு ஐந்து கட்டங்கள் மட்டும் போட்டிருந்தேன், ஐந்து வேளைத் தொழுகைக்கு. படித்துப் பார்த்துவிட்டு, "சிங்கம் வரலன்னா?" என்றார். "அது வராத நாளிலும் நீங்கள் பயணிதான், பாய். பயணியின் துஆ ஏற்கப்படும்" என்றேன். சிரித்துக்கொண்டே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை அவனை நினைவூட்டும் பயணங்களாக ஆக்குவானாக. நம் கைகளாலும் கண்களாலும் எந்த உயிருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக. ஆமீன்.