எழுந்த பின் வரும் உற்சாகம்

அதிகாலையில் எழுந்து தேகப்பயிற்சி செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டும் செய்யாதிருப்பவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "எல்லாம் தெரிகிறது, மனசுதான் வரமாட்டேன் என்கிறது." மனசு முதலில் வர வேண்டும், அது வந்த பிறகே கால் கட்டிலைவிட்டு இறங்கும் என்பது படித்தவர், படியாதவர் என்ற பேதமின்றி நம்மிடையே வேரோடிவிட்ட அபிப்பிராயம். அந்த மனசை வரவழைப்பதற்காக நாம் கேட்கும் உபதேசங்களும், சுவரில் ஒட்டும் வாசகங்களும், வருஷப் பிறப்புதோறும் செய்துகொள்ளும் சங்கற்பங்களும் கொஞ்சமல்ல. இந்த அபிப்பிராயம் தலைகீழானது என்பதும், நம்மைப் படுக்கையோடு கட்டிப்போடுவதில் சோம்பலைக் காட்டிலும் இதற்கே பங்கு அதிகம் என்பதும் என் கட்சி.

பல வருஷங்கள் நானும் இந்த மதத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். ஒரு தைப் பிறப்பன்று வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்தேன். மறுநாள் நாலே முக்காலுக்கு அலாரம் அடித்தது; அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போர்வைக்குள்ளேயே ஒரு நியாயஸ்தலத்தைக் கூட்டினேன். நேற்றுப் படுக்கும்போது மணி பதினொன்றரை ஆயிற்றே என்பது முதல் வாதம். வெளியே பனி, தொண்டைக்கு ஆகாது என்பது இரண்டாவது. அரைமனத்தோடு இன்று போவதைவிட முழு உற்சாகத்தோடு நாளைக்குப் போவது மேல் என்பது மூன்றாவது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றிய இந்த மூன்றாவது வாதமே தினந்தோறும் வழக்கை ஜெயித்தது. பங்குனி பிறப்பதற்குள், அடிப்பாகம் ஒரு துளியும் தேயாத அந்த ஷூ, அலமாரிக்கு அடியில் கிடந்தபடியே பசைவிட்டு வாயைப் பிளந்துவிட்டது.

இந்த வழக்கில் நாம் செய்யும் பிழை, சாட்சி சொல்லும் யோக்கியதை இல்லாத ஒருவரைக் கூண்டில் ஏற்றுவதுதான். சரீரத்தின் உஷ்ணம் நாள் முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. நாம் வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் அது மிகத் தாழ்ந்து, பின்னர் மெல்ல ஏறுகிறது. ஆறரைக்கு எழுந்து பழகியவன் நாலே முக்காலுக்கு விழித்தால், அந்தத் தாழ்ந்த கட்டத்திலேயே விழிக்கிறான். விழித்த பின்னும் மூளை உடனே தெளிவதில்லை. உறக்கத்தின் மந்தம் அகலக் கால் மணியோ, அரை மணியோ, சிலருக்கு அதற்கு மேலுமோ ஆகிறது. அந்த வேளையில் "உனக்கு உற்சாகம் இருக்கிறதா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்பவனுக்கு "இல்லை" என்பதைத் தவிர வேறென்ன பதில் கிடைக்கும்? அந்தப் பதிலைக் கொண்டு தன்னைச் சோம்பேறி என்றும் வைராக்கியம் அற்றவன் என்றும் அவன் நிந்தித்துக்கொள்வது, மயக்க மருந்து தெளியாத நோயாளியிடம் கணக்குக் கேட்டு, விடை தவறியதும் அவனை மூடன் என்று தீர்மானிப்பதற்குச் சமானம்.

அமெரிக்க மனத்தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட தம் பெருநூலில், சித்தத்தின் உறுதியைப் பற்றி ஆராயப் புகுந்தவர், கணப்பு மூட்டாத அறையில் உறைபனிக் காலத்து விடியலில் மனிதன் படுக்கையைவிட்டு எழுவது எப்படி என்ற இந்த அற்ப விஷயத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். எழ வேண்டும் என்ற எண்ணமும் எழ முடியாது என்ற எண்ணமும் எதிரெதிரே நிற்கும்வரை அவன் எழுவதே இல்லை. அன்றைய காரியங்களில் ஏதோ ஒன்றில் நினைவு போய், குளிரும் கதகதப்பும் இரண்டுமே மறந்த ஒரு க்ஷணத்தில், எழுந்துவிட்டிருப்பதைத் திடீரென்று தானே காண்கிறான் என்பது அவர் கண்ட முடிவு. அதாவது, போராடி வென்று எழுபவர்கள் அபூர்வம். போராட்டம் ஓய்ந்த இடைவெளியில் எழுந்துவிடுகிறவர்களே அதிகம். மனசை வரவழைக்கும் பிரயத்தனமோ அந்தப் போராட்டத்தை வளர்க்கிறதேயன்றி ஓய்ப்பதில்லை.

உற்சாகம் இல்லாமல் செய்கிற உழைப்பு உடம்புக்குப் பயன்படுமா என்று ஒருவர் கேட்கலாம். லண்டன் மாநகரத்து இரண்டடுக்கு பஸ்கள் இதற்கு விடை சொல்லியிருக்கின்றன. ஜெரி மாரிஸ் என்ற வைத்திய ஆராய்ச்சியாளர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுவதும் உட்கார்ந்தே வண்டி ஓட்டிய டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது என்று காட்டினார். டிரைவர்கள் வேலையில் சேரும்போதே இடுப்பு பருத்தவர்களாக இருந்திருக்கலாமே என்ற சந்தேகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. சீருடை அளவுகளைப் பரிசோதித்து, அதிலும் ஓரளவு உண்மை உண்டு என்பதை வெளியிட்டார். ஆனால் நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோன தபால்காரர்களை, நாற்காலியில் அமர்ந்திருந்த குமாஸ்தாக்களோடு ஒப்பிட்டபோதும் பலன் அதே திசையில்தான் இருந்தது. அந்தக் கண்டக்டர்களில் எத்தனை பேர் உற்சாகத்தோடு படியேறியிருப்பார்கள்? மேல்தட்டில் டிக்கெட் வாங்காத பிரயாணி உட்கார்ந்திருந்தார், ஏறினார்கள். இருதயம் படிகளை எண்ணிக்கொண்டதே தவிர, ஏறியவரின் மனோபாவத்தை விசாரிக்கவில்லை.

எங்கள் தெருவிலும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். மழையானாலும் பனியானாலும் ஐந்து மணிக்கு அவர் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் ஓசை கேட்கும். "அண்ணாச்சி, தினமும் இந்நேரத்துக்குக் கிளம்ப உங்களுக்கு மட்டும் எப்படி மனசு வருகிறது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மனசா? அதைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லும், தம்பி. முப்பது வருஷம் பையைத் தூக்கினேன், ஒரு நாளாவது அதைக் கேட்டிருப்பேனா? கேட்டிருந்தால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு மணியார்டர் போய்ச் சேர்ந்திருக்காது" என்றார்.

வள்ளுவர் ஊக்கமுடைமையை ஓர் அதிகாரமாக வகுத்து, மடியின்மைக்கும் ஆள்வினையுடைமைக்கும் முன்னே நிறுத்தியிருக்கிறாரே என்று புலவர் ஒருவர் என்னை மறுக்கக்கூடும். மறுக்கட்டும். ஆனால் வள்ளுவர் அதை உடைமை என்றார். வீட்டையும் நிலத்தையும்போல, தூங்கும்போதும் நம்மோடு இருப்பதுதான் உடைமை. வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய விருந்தாளிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. விடியலில் எழும்படி குழந்தைகளுக்குச் சொன்ன ஔவையும், மனமிருந்தால் என்ற நிபந்தனை எதையும் அதற்கு முன்னால் சேர்க்கவில்லை.

மனசைக் கேளாமல் செய்வதும் ஒரே நாளில் கைவந்துவிடாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் ஒன்றும் நேரவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். இருபத்தொரு நாளில் எல்லாம் சித்தியாகும் என்று ஊரில் வழங்கும் பேச்சை நம்பி, இருபத்திரண்டாம் நாளும் மனசு முரண்டு பிடிப்பதைக் கண்டு கைவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதிகாலைக்கென்று ஒரு புனிதத்தை நான் கற்பிக்கவும் இல்லை. இரவு ஷிப்டு முடித்து நாலு மணிக்குப் படுக்கிறவனையும், ஊர் அடங்கிய பின் பாத்திரம் கழுவிவிட்டு ஊர் விழிக்குமுன் அடுப்பு மூட்டுகிற பெண்ணையும், ஐந்து மணிக்கு ஏன் எழுந்து ஓடவில்லை என்று கேட்பது அநியாயம். அவர்களுக்கு வேண்டியது தூக்கம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்று வகுத்த உலக சுகாதார நிறுவனம், அதை இன்ன வேளையில்தான் செய்ய வேண்டும் என்று விதிக்கவில்லை. விடியற்காலைக்கு உள்ள சிறப்பு, அந்த ஒரு மணியை நம்மிடம் கடன் கேட்க வேறு யாரும் வருவதில்லை என்பதே. அதை வேண்டுகிறவன் முந்தின இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். அலாரத்தைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். ஷூவையும் சட்டையையும் கண்ணில் படும்படி எடுத்து வைக்க வேண்டும். தீர்மானிக்க வேண்டியதையெல்லாம் தெளிந்த புத்தியோடு இரவிலேயே தீர்மானித்துவிட்டால், காலையில் கூடும் நியாயஸ்தலத்துக்கு விசாரிக்க வழக்கு இராது.

வாய் பிளந்த அந்த ஜோடிக்குப் பிறகு நான் இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன். இரண்டும் அடி தேய்ந்தே போயின. இன்று காலை நாலே முக்காலுக்கும் என் மனசு வரவில்லை. பிள்ளையார் கோயில் முக்கைத் தாண்டி, வாசல் தெளித்துக் கோலமிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, நாலாவது தெருவில் திரும்பும்போது, வழக்கம்போல் அங்கே வந்து சேர்ந்துகொண்டது.