வீல் உடைந்தால் யார் பொறுப்பு?

ஆங்கிள் கிரைண்டரில் வீல் உடைந்து தொழிலாளியின் முகத்தில் பாய்ந்தால், “அவனுடைய கவனக்குறைவு” என்று சொல்லி முதலாளி தப்பித்துக்கொள்கிறார். அந்த வீலை வாங்கிக் கொடுத்தது யார்? அதையே மாட்டச் சொன்னது யார்?

வீலின் மேலேயே விவரம் அச்சாகியிருக்கிறது. 125 மில்லிமீட்டர் வீல் நிமிடத்துக்கு 12,200 சுற்று வரை தாங்கும். 230 மில்லிமீட்டர் வீல் 6,600 சுற்றுதான் தாங்கும். சிறிய மெஷினோ பெரும்பாலும் 11,000 சுற்று ஓடுகிறது. கார்டைக் கழற்றிவிட்டு அதில் பெரிய வீலை மாட்டச் சொல்வது தெரிந்தே செய்யும் கொலைபாதகம். மெல்லிய கட்டிங் வீல் வெட்டுவதற்கு மட்டுமே. பக்கவாட்டில் வைத்துத் தேய்த்தால் நொறுங்கும். தேய்ப்பதற்குச் சுமார் 6 மில்லிமீட்டர் கனமுள்ள கிரைண்டிங் வீல் வேண்டும். நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும். அது கடந்த வீலைச் சில ரூபாய் மிச்சத்துக்காக மாட்டக் கூடாது.

சாணை பிடிக்கும் ஒவ்வொரு மெஷினருகிலும், வீல் சுழலத்தக்க உச்ச வேகத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு விதித்தது. எத்தனை பட்டறைகளில் அந்த அறிவிப்பைக் கண்டோம்?

சரியான வீல், கழற்றாத கார்டு, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி: இவற்றைக் கொடுப்பது முதலாளியின் தயவல்ல, கடமை. சங்கங்கள் ஒவ்வொரு பட்டறையிலும் இக்கோரிக்கையை எழுப்ப வேண்டும். பழுதான வீலை மாட்ட மறுக்கும் தோழரைத் தனியே நிற்க விடக் கூடாது. பட்டறை முழுவதும் அவருடன் நிற்க வேண்டும்!