அரிதாக்கினது ஆர்?

போன மாதம் நாங்கள் நாலு பேர் நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். பழைய கொமிக்ஸ், பழைய சஞ்சிகை சேர்க்கிற ஐயா ஒருவர் இருக்கிறார், கேட்டால் காட்டுவார் எண்டு கம்பஸில் சொல்லியிருந்தவை. ஈழத்துக் கேலிச்சித்திரம் பற்றி எங்களுக்கு ஒரு ஒப்படை இருந்தது. அதுக்குச் 'சிரித்திரன்' இதழ்கள் வேணும்.

ஐயா தேத்தண்ணி தந்தார். அலுமாரியைத் திறந்தார். எல்லாம் பொலித்தீன் உறைக்குள்ளை. "தொடாமல் பாருங்கோ பிள்ளையள்" எண்டார். தொடாமல் பார்த்தால் அட்டை மட்டும்தான் தெரியும், அட்டையைத்தான் பார்த்தோம். இரண்டு பக்கம் போனில் படம் எடுக்கலாமோ எண்டு கேட்டதுக்கு, "படம் வெளியிலை போனால் பேந்து ஆர் காசு குடுத்து வாங்குவினம்?" எண்டு சிரித்தார். இரண்டு கிழமை கழிய அந்தக் கட்டு கனடாவுக்குப் போய்விட்டது எண்டு கேள்விப்பட்டோம். வட்ஸ்அப் குழுவொன்றில் ஏலம் விட்டதாம். விளம்பரத்தில் 'மிக அரிது' எண்டு போட்டிருந்ததாம்.

அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தோம்.

1938இல் பத்து சதத்துக்கு வித்த 'அக்ஷன் கொமிக்ஸ்' முதல் இதழ், சூப்பர்மான் முதன்முதலாக வந்த இதழ், 2024 ஏப்ரலில் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அச்சடித்த நேரம் அது அரிதான பொருள் இல்லை. பிள்ளைகள் வாசித்துக் கிழித்தார்கள், இரண்டாம் உலகப் போர் நேரம் பழைய கடதாசி சேகரிப்புக்கு அள்ளிக் குடுத்தார்கள், மிஞ்சினது கொஞ்சம். இப்ப அப்படியான இதழ்களுக்குப் பத்துக்கு இத்தனை எண்டு புள்ளி போட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரை வைக்கிறார்கள். திறந்தால் புள்ளி செல்லாது. காசு குடுத்தவரே வாசிக்க ஏலாத புத்தகம்! ஆனால் ஒண்டைக் கவனியுங்கோ: அந்தக் கதையை ஆரும் இழக்கவில்லை. எத்தனையோ தரம் மறுபதிப்பாக வந்துவிட்டது. அந்த 60 இலட்சத்துக்குப் போனது கடதாசி மட்டும்தான்.

சிவகாசிக் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடை தொடங்கின முத்து கொமிக்ஸின் முதல் பதிப்புகளுக்கு இண்டைக்கு ஆயிரக்கணக்கில் விலை. குடுக்கிறவை குடுக்கட்டும். அதே கதைகளை அதே நிறுவனம் திரும்பத் திரும்ப அச்சடித்திருக்கு, மாயாவியைத் தேடுகிற பிள்ளைக்கு ஏதோ ஒரு வழியில் மாயாவி கிடைப்பார். (மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய மற்றதெல்லாம் மறைந்துபோகும் அந்த ஆளை நினைத்தால், விலை மட்டும் தெரிகிற இந்தச் சந்தைக்கு அவரைவிடப் பொருத்தமான நாயகன் இல்லை.)

எங்கடை கதை வேறை. 1960களில் கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்த 'சிரித்திரன்' இதழையும், அதுக்கு முதலே தினகரனில் கலகலப்பூட்டின சவாரித் தம்பரையும் தந்தவர் சுந்தர் எண்ட சிவஞானசுந்தரம். 1996இல் காலமானார். வேட்டியும் சால்வையுமாக ஊர் வாயைத் திறக்கிற அந்த மனிசர்களின் கோட்டோவியத்தில் எங்கடை அப்பப்பாமாரின் யாழ்ப்பாணம் இருக்கு. அந்த இதழ்களை முழுசாகத் திருப்பி அச்சடிக்கிறதுக்கு இங்கை ஒரு சிவகாசி இல்லை. ஒரு இதழ் உறைக்குள் போய்ப் பூட்டுப்பட்டால், அதின் உள்ளடக்கமும் சேர்ந்து பூட்டுப்படுகுது.

அது ஏன் அரிதானது? 1981 மே 31 இரவு யாழ். பொது நூலகத்தில் நெருப்பு. ஏறத்தாழ 97,000 நூல்கள். பிறகு பொருளாதாரத் தடை. கடதாசிக்கே பஞ்சமான அந்தக் காலத்தில் வீட்டில் கிடந்த சஞ்சிகையெல்லாம் கச்சான் சரையாய்ப் போனதெண்டு அம்மாக்கள் சொல்லுவினம். 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. அரிசி, அடையாள அட்டை, குழந்தை. புத்தகம் ஆர் தூக்கினது? 1996இல் திரும்பி வந்தவைக்கு வீட்டில் கதவும் இல்லை, ஓடும் இல்லை.

'மிக அரிது' எண்ட சொல்லை எழுதினது அந்த நெருப்பும் அந்த நடையும்தான். அதை விளம்பரத்தில் போட்டு விலை ஏத்துறவர் எங்கடை இழப்புக்கு வாடகை வாங்குகிறார். கடுமையான சொல்தான், தெரிஞ்சுதான் எழுதுகிறோம்.

உடனை பதில் வரும்: "காசு வராட்டில் உதை ஆரடா காப்பாத்துவான்?" நியாயமான கேள்வி. ஐயா அந்தக் கட்டைப் பல வருசமாய்க் கறையானிடமிருந்து காத்தவர். எங்களில் ஒருத்தியின் மாமா வீட்டில் அதே மாதிரி ஒரு கட்டு, கிலோக் கணக்கில் பழைய பேப்பர் வியாபாரிக்குப் போனது. விலை இருந்தபடியால்தான் பல இதழ் தப்பினது, மறுக்கவில்லை. அதனால் வியுங்கோ. ஏலம் விடுங்கோ. கனடாவுக்கும் அனுப்புங்கோ. அனுப்ப முதல் ஒரு நாள் தாங்கோ, ஸ்கான் பண்ணுறம்.

நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இந்த வேலையைத்தான் செய்யுது. எங்கடை ஒப்படையையும் கடைசியில் அவையின் இணைய நூலகத்தில் இருந்த 'சிரித்திரன்' இதழ்களை வைத்துத்தான் முடித்தோம். எங்களுக்கு வேண்டின சில அங்கை இல்லை. அதுகள் ஆரின்ரையோ பொலித்தீனுக்குள் இருக்கும். படம் வெளியிலை வந்தால் விலை விழும் எண்ட பயத்துக்கு, உலகமே வாசித்து முடித்த சூப்பர்மானின் 60 இலட்சம் டொலர் பதில். அதோடை, கடதாசிதான் சேகரிப்பாளருக்குச் சொந்தம், கோடு அவருக்குச் சொந்தமில்லை. இணையத்தில் போட அனுமதி கேட்கவேண்டியது ஓவியரின் குடும்பத்திட்டை.

எங்களையும் சொல்லவேணும். இந்த ஒப்படை நேரம் எங்களில் ஒருவனின் அப்பப்பாவின் றங்குப்பெட்டிக்குள் ரெண்டு 'சிரித்திரன்' கிடைத்தது. பிரித்துப் பார்க்க முதல் அவன் செய்தது, போனை எடுத்து விலை தேடினது. நாங்களும் சுத்தி நிண்டு எவ்வளவு எண்டுதான் கேட்டோம்.

ரெண்டையும் இப்ப ஸ்கான் பண்ணியாச்சு. ஒண்டில் நடுத்தாள் இல்லை. அதே இதழ் உங்கடை வீட்டில் கிடந்தால் எழுதுங்கோ. வாங்குறதுக்கு எங்களிட்டைக் காசில்லை, படம் எடுத்திட்டு அப்பிடியே திருப்பித் தருவம்.