செலவான பணம் வேறு, முடிந்த வேலை வேறு

மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதையில் கடைசி ரயில் ஓடியது 2010 டிசம்பர் 31 அன்று. அகலப்பாதை ஆன பிறகு தேனி வரை பயணிகள் ரயில் திரும்பியது 2022 மே மாதத்தில். போடி வரை வந்தது 2023 ஜூன் 15 அன்று. தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை ஆண்டு! பாதை மூடப்பட்டபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, ரயில் வந்தபோது பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது. அத்தனை காலமும் மதுரைக்குப் போகக் கம்பம் பள்ளத்தாக்கு மக்களான நமக்குப் பேருந்துதான்.

ஆண்டுதோறும் கிடைத்த சொற்ப நிதி ஒரு பெரிய காரணம். கூடுதல் நிதிக்காகக் குரல் கொடுத்தவர்கள் உண்டு, மறியல் செய்தவர்களும் உண்டு. ஆனால் 'இந்த ஆண்டு எத்தனை கோடி?' என்று கேட்ட அளவுக்கு, 'கொடுத்த கோடிக்கு எவ்வளவு வேலை முடிந்தது?' என்று நாம் கேட்கவில்லை.

அதைக் கேட்க ஒரு முறை இருக்கிறது. 1967-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதைத் தன் பெரிய ஒப்பந்தங்களுக்குக் கட்டாயமாக்கியது. இன்று உலகெங்கும் பெரிய கட்டுமானங்களில் புழங்குகிறது. நூறு கோடி ரூபாய்ப் பாலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்றைய தேதிக்குள் நாற்பது கோடி மதிப்புள்ள வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்ததோ முப்பது கோடிக்கான வேலை. செலவானது முப்பத்தாறு கோடி. செலவை மட்டும் பார்ப்பவருக்கு, திட்டமிட்ட நாற்பதுக்குள்தானே இருக்கிறது, மிச்சம்தான் என்று தோன்றும். உண்மையில் கால்வாசி வேலை பின்தங்கிவிட்டது. இதே போக்கில் போனால் பாலம் முடியும்போது நூற்றிருபது கோடி ஆகியிருக்கும். பாதி வழியிலேயே இது தெரிந்துவிடுகிறது என்பதுதான் இந்தக் கணக்கின் அருமை.

இதில் ஒரு குறையும் உண்டு. வேலை முழுவதும் முடிந்த நாளில் திட்டமிட்டதும் நூறு, முடிந்ததும் நூறு என்று இரண்டும் சமமாகிவிடும். பன்னிரண்டரை ஆண்டு இழுத்த பாதையும் தாமதமே இல்லாததுபோல் ஏட்டில் தெரியும். ஆகவே ரூபாயோடு மாதங்களையும் சேர்த்து எண்ண வேண்டும். இடையில் எஸ்டிமேட்டைத் திருத்தினால், முதல் எஸ்டிமேட்டையும் முதல் கெடுவையும் அழிக்காமல் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. முடிந்த வேலை அளவுப் புத்தகத்தில், நாம் எம்-புக் என்கிறோமே, அதில் ஏறிய பிறகுதான் ஒப்பந்ததாரருக்குப் பில்லே கிடைக்கிறது. அதில் பொறியாளர் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஒப்பந்ததாரர் மாதவாரித் திட்டத்தை முதலிலேயே கொடுக்க வேண்டும். நம் பங்கும் சிறிதல்ல. சாலை ஓரத்தை ஆக்கிரமித்துக்கொண்டு, அளக்க வருபவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு தாமதம் என்று புலம்ப நமக்கு உரிமை இல்லை. வேலை பாதியில் இருக்கும்போது இடத்தை மாற்றச் சொல்லும் மக்கள் பிரதிநிதியும், அதற்கு எத்தனை மாதம், எத்தனை லட்சம் கூடும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் ஒவ்வோர் ஊராட்சியும் வரும் அக்டோபர் 2 கூட்டத்திலிருந்தே தன் எல்லைக்குள் நடக்கும் ஒவ்வொரு பணிக்கும் மூன்று தொகைகளைப் படிக்கட்டும்: இதுவரை முடிந்திருக்க வேண்டியது, முடிந்தது, செலவானது. கூடவே முதலில் சொன்ன கெடு தேதியையும்.