மாரிமுத்து காட்டிய தகப்பன்

“இந்தாம்மா... ஏய்!”

இந்த அதட்டலைக் கேட்காத தெரு தருமபுரி ஜில்லாவில் இருந்திருக்காது. பென்னாகரம், அரூர், பாலக்கோடு, காரிமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் 2022, 2023 இரண்டு வருஷமும் இரவு நேரத்தில் டெலிவிஷன் பெட்டிக்குள்ளிருந்து ஆதி குணசேகரன் அதட்டிக்கொண்டிருந்தார். வயல் வேலை முடிந்து வந்தவர்களும், மில்லில் ஷிப்டு முடிந்து வந்தவர்களும் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் பெண்களை அதட்டினார், நாம் சிரித்தோம்.

ஏன் சிரித்தோம்? இதைத்தான் நான் கேட்க விரும்புகிறேன்.

முதலில் அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடிகர் ஜி. மாரிமுத்து தேனிப் பக்கம் பசுமலைத்தேரி என்ற சிற்றூரில் பிறந்தவர். 1990-ம் வருஷத்தில் சினிமா ஆசையில் வீட்டை விட்டு ஓடி வந்து, சென்னையில் வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். இலக்கியப் பற்றினால் கவிஞர் வைரமுத்துவின் பழக்கம் கிடைத்தது. பிறகு ராஜ்கிரணின் ‘அரண்மனைக் கிளி’ (1993), ‘எல்லாமே என் ராசாதான்’ (1995) படங்களில் உதவி டைரக்டர். மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே. சூர்யா என்று பல பேரிடமும் வேலை செய்தார்.

உதவி டைரக்டர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர்ப் பண்ணையாள் எப்படியோ அப்படித்தான் சினிமாவில் உதவி டைரக்டர். விடியுமுன் வர வேண்டும், எல்லோரும் போனபின் போக வேண்டும், படம் ஓடினால் பெயர் வேறொருவருக்கு. ‘ஒருநாள் நீயும் டைரக்டர் ஆவாய்’ என்ற ஆசைதான் பாதிக் கூலி. மாரிமுத்து இந்தக் கூலியில் பதினைந்து வருஷம் உழைத்தார். ‘கண்ணும் கண்ணும்’ (2008), ‘புலிவால்’ (2014) என்று இரண்டு படங்களை டைரக்ட் செய்தார். இரண்டும் அவரைக் கரையேற்றவில்லை. கரையேற்றியது நடிப்பு. 2011-ல் மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ படத்தில் போலீஸ்காரராக வந்தார். தலை நரைக்கிற வயதில் தொடங்கி, பன்னிரண்டு வருஷத்துக்குள் தமிழ்நாடு முழுவதும் அடையாளம் கண்டுகொள்ளும் முகமானார்.

2023 செப்டம்பர் 8-ந் தேதி காலை, ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடம்பு முடியாமல் போய், மாரடைப்பில் மாண்டார். ரஜினிகாந்துடன் அவர் நடித்த ‘ஜெயிலர்’ வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நெசவாளி தறியிலும் உழவன் சாலிலும் விழுவது போல அவர் மைக் முன்னால் விழுந்தார். தொடரோ நிற்கவில்லை. வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார். 2024 ஜூன் வரை ஓடியது. அந்த வருஷக் கடைசியில் இரண்டாம் பாகமும் தொடங்கியது. மெஷினில் ஒரு ஆள் விழுந்தால் அடுத்த ஆள் நிற்பது மில்லுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல.

இனி அந்த அதட்டலுக்கு வருவோம்.

‘எதிர்நீச்சல்’ கதை நமக்குத் தெரியும். நாலு படித்த பெண்கள் ஒரே வீட்டில் அடைபட்டிருக்கிறார்கள். ஒருத்தி குணசேகரனின் மனைவி, மற்ற மூவர் தம்பிமார்களின் மனைவிகள். பட்டம் வாங்கியவர்களுக்கு அடுப்படி. வெளியே வேலைக்குப் போகக்கூடாது, எதிர்த்துப் பேசக்கூடாது, சொத்தைப் பற்றிக் கேட்கக்கூடாது. டைரக்டர் திருச்செல்வம் எழுப்பிய இந்த வீட்டில் மாரிமுத்து மீசை முறுக்கி மிரட்டும் பழைய வில்லனாக நடிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நியாயம் பேசினார். ‘இத்தனையும் குடும்பத்துக்காகத்தானே செய்கிறேன்’ என்ற தோரணை. அந்த நியாயம் நம் திண்ணையில் பேசப்படும் நியாயம்தான். அதனால்தான் பொய்யாகத் தெரியவில்லை.

அவருடைய தேனியும் நம்முடைய தருமபுரியும் ஒரு விஷயத்தில் உடன்பிறப்புகள். பெண் சிசுவைக் கொல்வதைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் இந்த இரண்டு ஜில்லாக்களுக்கும் வந்தது. சர்க்கார் வந்து தொட்டில் கட்ட வேண்டிய நிலைமை எந்த மண்ணில் இருந்ததோ, அந்த மண்ணின் வீட்டுத் தலைவனை அந்த மண்ணில் பிறந்த ஒருவர் நடித்துக் காட்டினார். பார்த்துப் பழகிய ஆளை நடிக்கப் பயிற்சிப் பள்ளி தேவையில்லை.

தவறு எங்கே நடந்தது? ஜனங்களுக்குக் குணசேகரனைப் பிடித்துப்போயிற்று. விளம்பரக் கம்பெனிக்கு வேண்டியதும் அதுதான். ஆள் பிடித்திருந்தால் அவனுக்கு அரைமணி நேரம் கூடுதல்; பெண்கள் கண்ணீருக்கும் கண்ணீருக்கும் நடுவே சோப்பும் மசாலாவும் விற்கலாம். நம் ஆண்பிள்ளைகள் சிலர் வீட்டிலேயே அந்த அதட்டலை வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார்கள். மனைவியும் சிரித்தாள். வேறென்ன செய்வாள்? 1954-ல் ‘இரத்தக்கண்ணீர்’ படத்தில் எம்.ஆர். ராதா இதைவிட அதிகமாகச் சிரிக்க வைத்தார். ஆனால் கதை முடியுமுன் அந்தப் பணக்கார மைனர் உடம்பு அழுகி, பிச்சைக்காரனாகி நின்றான். சிரித்தவன் முகத்தில் அறை விழுந்தது. தினசரித் தொடரில் அந்த அறை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போகிறது. விழுந்துவிட்டால் வியாபாரம் முடிந்துவிடும்.

இதற்கு மாரிமுத்துவைக் குற்றம் சொல்ல மாட்டேன். சொந்த வாழ்க்கையில் அவர் பேச்சு வேறு மாதிரி இருந்தது. 2023-ல் ஜீ தமிழ் டெலிவிஷனின் ‘தமிழா தமிழா’ விவாதத்தில் ஜோதிடர்களை எதிரே வைத்துக்கொண்டு அவர் வாதாடியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரபலமான நடிகர் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் நழுவுவதுதான் வழக்கம். அவர் நழுவவில்லை.

ஆனால் குணசேகரன் அல்ல அவருடைய பெரிய வேஷம். 2018 செப்டம்பரில் வந்த மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் அவர் ஜோவின் தகப்பன். மகளோடு சட்டக் கல்லூரியில் படிக்கும் பரியன் தாழ்த்தப்பட்ட சாதிப் பையன். கல்யாண வீட்டுக்கு வந்தவனை உறவுக்காரர்கள் அறைக்குள் போட்டு அடித்து, சொல்லக் கூசுகிற அவமானம் செய்கிறார்கள். பிறகு தகப்பன் கண்ணீரோடு கெஞ்சுகிறான்: உன்னையும் கொல்வார்கள், என் மகளையும் கொல்வார்கள், போய்விடு என்று. மகளை உயிராக நேசிக்கிறவன்தான். சாதிக்காரன் என்ன சொல்வானோ என்று நடுங்குகிறவனும் அவனேதான். மாரிமுத்து ஒரே முகத்தில் இந்த இரண்டையும் காட்டினார். வில்லன் என்று காறித் துப்பவும் முடியவில்லை, நல்லவன் என்று கட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

அந்தத் தகப்பனை மற்ற ஜில்லாக்காரர்கள் சினிமாவில் பார்த்தார்கள். நாம் நேரில் பார்த்தோம். 2012-ல் நம் ஜில்லாவில் ஒரு பெண் வேறு சாதிப் பையனை மணந்தாள். ஊரார் ஏச்சுக்கு நடுவே அவளுடைய தகப்பன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைச் சாக்காக வைத்து நவம்பர் 7-ந் தேதி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று இடத்திலும் இருநூறுக்கு மேற்பட்ட தலித் வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள். பெங்களூரில் சித்தாள் வேலை செய்தும் திருப்பூரில் பனியன் தைத்தும் சேர்த்த காசில் கட்டிய வீடுகள் அவை. 2013 ஜூலை 4-ந் தேதி அந்தப் பையன் தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் இரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தான். அவன் எப்படிச் செத்தான் என்று வருஷக்கணக்கில் தர்க்கம் நடந்தது. அவனை அந்தப் பாதைவரை விரட்டியது எது என்பதற்குத் தர்க்கம் தேவைப்படவில்லை. படத்திலும் பரியனைத் தண்டவாளத்தில் கிடத்துகிறார்கள். படத்தில் அவன் விழித்து எழுந்துவிடுகிறான்.

கடைசிக் காட்சியில் தகப்பனும் பரியனும் பேசுகிறார்கள். மாறும், பார்ப்போம் என்கிற மாதிரி இழுத்துப் பேசுகிறான் தகப்பன். அவன் கண்ணைப் பாருங்கள், தோழர்களே! பேச்சு முடிந்து அவர்கள் போனபின் இரண்டு டீக் கிளாஸ் மட்டும் திரையில் நிற்கின்றன. இரட்டைக் கிளாஸ் வைத்த டீக்கடைகளைக் கண்ட நமக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம்.

சினிமாக்காரர்கள் நம் ஜில்லாவுக்கு வந்தால் ஒகேனக்கல் அருவியைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம் கதையை எடுத்தது திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நம் தகப்பனை நடித்தது தேனிக்காரர். அந்தப் படத்தை நம் சங்கங்கள் ஊர் ஊராகப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் அபிப்ராயம். காலனியில் மட்டும் போட்டுவிட்டு வரக்கூடாது. அவர்களுக்கு அந்தக் கதை ஏற்கெனவே தெரியும். ஊர்த்தெருவில், மாரியம்மன் கோயில் முன்னால் வெள்ளைத் துணி கட்டிப் போட வேண்டும். பெங்களூருக்குப் போனவர்கள் பண்டிகைக்குத் திரும்பி வந்திருக்கும் இரவாகப் பார்த்து, தகப்பன்மார்களை முன்வரிசையில் உட்கார வைத்து.