வெட்டிய வயருக்கு யார் பொறுப்பு?

கனரக சரக்கு வண்டிகளுக்கு எஃப்சி இனித் தானியங்கிச் சோதனை நிலையத்தில்தான் என்று மத்திய அரசு வைத்த கெடு, 2023 ஏப்ரலிலிருந்து தள்ளிப்போய் 2024 அக்டோபர் 1 என்றானது. எதிர்க்க நமக்குக் காரணமில்லை. டேஷ்போர்டு கருவிகளும் ஸ்பீடோமீட்டரும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 62-இன் பட்டியலில் நெடுநாளாக இருப்பவைதான். பார்த்தும் பாராமலும் கையெழுத்துப் போட்ட காலம் போகிறது, அவ்வளவே.

ஆனால் எஃப்சி தேதி நெருங்கினால் பழைய டிரெய்லர் வண்டிக்கு மீட்டர் போர்டையே மாற்றுவது வீண் செலவு. எல்லா முள்ளும் சேர்ந்து ஆடினால் எர்த்தைப் பாருங்கள். ஸ்டெபிலைசர் உள்ள வண்டியில் அதையும் பாருங்கள். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் நகர்கிறதா? லைட் எரியும்போதே கிளஸ்டர் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே கேபினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றித் துருவைச் சுரண்ட வேண்டியதுதான். ஒரு முள் மட்டும் படுத்துக் கிடந்தால் முதலில் சென்டர் யூனிட். அதன் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி, ஒற்றை வயர் சென்டரின் எர்த்தையே அடைத்துவைக்கும் கைங்கரியம் நம்மவர்களுடையது.

ஸ்பீடோமீட்டர் கதை வேறு. விதி 118-இன்படி 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பழைய வண்டிகளில் பூட்ட வந்தவர்களில் பலர், கியர்பாக்ஸ் சென்சாரிலிருந்து வரும் சிக்னல் வயரை நடுவில் வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுப் போனார்கள். சால்டரிங் கிடையாது, வரைபடம் கிடையாது. இரண்டு மழைக்காலம் போனால் இணைப்பு பச்சை பூத்து, பல்ஸ் விட்டுவிட்டு வந்து, முள் துள்ளுகிறது. கருவிக்கு ஒப்புதல் உண்டு, பூட்டியதற்குச் சான்றிதழ் உண்டு. வெட்டிய வயருக்குத்தான் ஆளில்லை. சோதனையில் வண்டி தோற்றால் உரிமையாளர் வந்து சத்தம் போடுவது நம் பட்டறையில். கருவியைக் கட்டாயமாக்கியவர்கள், எந்த வயரில் கைவைக்கலாம் என்று ஒரு எலக்ட்ரீசியனையாவது கேட்டார்களா? மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைத் தளத்தில் வாகனத் துறையும் இருக்கிறது. நாமோ 15 வருட வண்டியின் வயரிங் வரைபடத்துக்கு இன்னும் ஒருவரையொருவர் வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

எந்த வயர், என்ன நிறம், எங்கே இணைப்பு என்று பூட்டியவர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வண்டியிலேயே இருக்கவேண்டும். சோதனை நிலையம் அதையும் கேட்கவேண்டும். அதுவரை, அந்த டேப்பைப் பிரிக்குமுன் படம் எடுத்து, பில்லில் குறித்து, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.